கண்டும் பிடிக்காமல்

2024 ஜனவரியில் ஒரு மத்தியானம். முதுகலை இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி என் மேசைமேல் ஒரு படிவத்தை வைத்துவிட்டு நின்றாள். சனிக்கிழமை இரவு பெசன்ட் நகர் பக்கம் ஆமை நடைக்குப் போக வேண்டுமாம். பதினொரு மணிக்கு மேல் தொடங்கினால் முடிய விடியற்காலை ஆகிவிடும். விடுதியில் வெளியே விட வேண்டுமென்றால் வீட்டிலிருந்து ஒரு கடிதம், துறையிலிருந்து ஒரு கையெழுத்து. வீட்டுக் கடிதம் அவளிடம் இருந்தது. அவள் அம்மா கோடு போட்ட தாளில் எழுதிக் கொடுத்திருந்தார். படிவத்தின் அடியில் 'பாதுகாவலர் / பொறுப்பாசிரியர்' என்று ஒரு கோடு. பேனாவை அந்தக் கோடு வரை கொண்டுபோனேன், எடுத்துவிட்டேன். "அடுத்த வாரம் பார்க்கலாம்மா" என்றேன். அடுத்த வாரமும் அதையே சொன்னேன்.

1999-ல் இதே ஊரில் வேறொரு விடுதியில் இருந்தபோது இதே நடைக்கு எனக்கும் அனுமதி மறுக்கப்பட்டது. மாலை ஆறரைக்குக் கேட் பூட்டும் விடுதி அது. "ஆமைக்கு ஒண்ணும் ஆகாது. உனக்கு ஏதாவது ஆனா யாரு பதில் சொல்றது?" என்று கேட்டார் காப்பாளர். அதை வைத்து நான் ஒரு கவிதைகூட எழுதியிருக்கிறேன். கூட்டங்களில் வாசித்துக் கைதட்டலும் வாங்கியிருக்கிறேன். அப்படிப்பட்டவள்தான் படிவத்தைத் திருப்பிக் கொடுத்தேன். இந்தக் கட்டுரையை எந்த இடத்தில் நின்றுகொண்டு எழுதுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

அந்தப் பெண் சண்டை போடவில்லை. மார்ச்சில் சங்க இலக்கியக் கருத்தரங்கத் தாளுக்கு அகநானூற்றின் 160ஆம் பாடலை எடுத்துக்கொண்டாள்.

நெய்தல் திணைப் பாடல், தோழி கூற்று. பாடியவர் குமுழிஞாழலார் நப்பசலையார். பெண்பாற் புலவர் வரிசையில் வைத்து எண்ணப்படுபவர். பெயரிலேயே பசலையைச் சுமக்கிறவர். இரவில் ஒளிந்து வந்துகொண்டிருந்த தலைவனின் தேர் இப்போது ஊர் பார்க்கப் பகலில் வருகிறது என்பது பாட்டின் செய்தி. அந்தத் தலைவனுடைய கடற்கரைக்கு அடையாகத்தான் ஆமை வருகிறது. சூல் முதிர்ந்த பெண் ஆமை, அடும்புக்கொடி படர்ந்த மணல்மேட்டில் யாரும் அறியாமல் முட்டையிட்டுப் புதைக்கிறது. முட்டை, தந்தத்தில் கடைந்த வட்டுக்காய் போல இருக்கிறது. புலால் நாறுகிறது. குஞ்சு வெளிப்படும் வரைக்கும் அதைக் காத்துக் கிடக்கிறது அகன்ற வாயுள்ள ஆண் ஆமை. ஆண் ஆமை என்றுகூடப் புலவர் சொல்லவில்லை. 'கணவன்' என்கிறார்.

முட்டையின் உருண்டை, அதன் வாசம், மணல்மேடு, அடும்பு எல்லாமே சரி. இன்றைக்கும் நீலாங்கரையில் அடும்பு இருக்கிறது. கணவன் மட்டும்தான் தவறு. நம் கரைக்கு வருகிற பங்குனி ஆமையில் ஆண் ஒருமுறை குஞ்சாகக் கடலுக்குள் இறங்கிவிட்டால் பிறகு கரைக்கு வருவதே இல்லை. கரையேறுவது பெண் மட்டும்தான். நூறு முட்டைக்கு முன்னே பின்னே இடும், குழியை மூடும், மேலே மணலைத் தட்டிச் சமன் செய்யும், போய்விடும். நாற்பத்தைந்திலிருந்து அறுபது நாளில் குஞ்சு வெளிவரும்போது அதற்குத் தாயும் கிடையாது, தகப்பனும் கிடையாது. ஆணா பெண்ணா என்பதைக்கூட மணலின் சூடுதான் தீர்மானிக்கிறது. சூடு ஏறினால் பெண் குஞ்சுகள் அதிகம்.

"பெண் எழுதின பாட்டுல ஏன் மேம் கணவன் வர்றான்? அவங்க பாத்தது அந்த அம்மா ஆமை திரும்பிப் போனதைத்தானே?" என்று அவள் தாளை வாசித்துவிட்டுக் கேட்டபோது வகுப்பு சிரித்தது. கேள்வி சிரிக்கும்படியானது இல்லை. ஆமை கணவனாகி முட்டையைக் காப்பது போல, இவனும் ஊரறிய மணந்து இவளைக் காப்பான் என்று உள்ளுறையாக இதை வாசிக்க முடியும். நானும் பல வருடம் அப்படித்தான் நடத்தினேன். ஆனால் அந்த வாசிப்பு கேள்வியை முடிப்பதில்லை, தள்ளிவைக்கிறது. ஒரு பெண் கண்ணால் கண்டதற்கும், அவள் உலகத்துக்கு என்ன வேண்டும் என்று நினைத்தாள் என்பதற்கும் நடுவே பாட்டில் ஒரு தையல் இருக்கிறது. முட்டை வரைக்கும் கண்டது, கணவன் வேண்டியது. கடற்கரையில் இல்லாத ஒரு காவலனைத் தோழி தலைவனிடம் கோரிக்கையாக வைக்கிறாள். நெய்தல் நிலத்தின் இயற்கை வருணனை என்று நாம் மதிப்பெண் போடுகிற இடத்தில் உண்மையில் ஒரு விண்ணப்பம் இருக்கிறது.

நம் பிரதிகளில் ஆமை தனியாக விடப்பட்டதே இல்லை. ஐங்குறுநூற்றில் பொய்கை ஆமையின் குஞ்சு தாயின் முகத்தைப் பார்த்தே வளர்கிறது. சைவ சித்தாந்தத்தில் தீக்கை வகைகளுக்கு உவமை சொல்லும்போது, மீன் பார்வையால் குஞ்சு பொரிக்கும், பறவை தொட்டு அடைகாக்கும், ஆமை தூரத்தில் இருந்தபடி நினைவாலேயே பொரிக்கும் என்பார்கள். உவமை அழகுதான். ஆனால் இரண்டாயிரம் வருடமாக ஆமையின் முட்டைக்குப் பக்கத்தில் ஒரு கணவனையோ, ஒரு தாய் முகத்தையோ, குறைந்தபட்சம் ஒரு தாயின் நினைவையோ உட்கார வைத்துக்கொண்டே வந்திருக்கிறோம். இட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போகிற ஒரு தாயை நம் மொழிக்குத் தாங்கவில்லை.

இதை ஊரூர் குப்பம் பக்கம் மீன் விற்கிற ஒரு அம்மாவிடம் சொன்னேன். பாட்டில் ஆண் ஆமை முட்டையைக் காக்கிறது என்றதும் அவர் வஞ்சிரத்தைத் துண்டு போடுவதை நிறுத்திவிட்டார். "ஆம்பள ஆமையா? அது இன்னாத்துக்கு டீச்சர் கரைக்கு வருது? அது வேலயப் பாத்துக்கினு போய்டும். பொம்பளதான் வரும். மூச்சு வாங்கிக்கினு வரும், கண்ணுல தண்ணியா ஊத்தும், முட்டய வுட்டுட்டு அதுவும் போய்டும்." பிறகு, "அதுக்கு வூடு இல்ல பாரு, அதான் நிம்மதியாப் போவுது" என்றார். கண்ணில் வழிவது உப்பை வெளியேற்றும் சுரப்பு என்று நான் படித்திருக்கிறேன். அவரிடம் சொல்லவில்லை.

கருத்தரங்கத் தாளின் முடிவில் மாணவி ஒரு பெயரை எழுதியிருந்தாள்: ஜெ. விஜயா. "இவங்களைப் பத்தித் தமிழ்ல என்ன மேம் இருக்கு?" என்று கேட்டாள். என் அலமாரியிலும் நான் நடத்துகிற பாடத்திட்டத்திலும் ஒன்றும் இல்லை.

விஜயா மெட்ராஸ்காரர். எத்திராஜ் கல்லூரியில் விலங்கியல் படித்துக்கொண்டிருந்தபோதே கிண்டி பாம்புப் பண்ணையில் தன்னார்வலராகப் போய் நின்றவர். ரோமுலஸ் விட்டேகர் நடத்திவந்த பண்ணை அது. இந்தியாவின் முதல் பெண் ஊர்வனவியலாளர் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். இந்த 'முதல் பெண்' என்கிற பட்டத்தின் மீது எனக்கு நெடுநாளாக ஒரு ஒவ்வாமை உண்டு. போட்டித் தேர்வு வழிகாட்டிகளில் முதல் பெண் மருத்துவர், முதல் பெண் விமானி என்று ஒரு பட்டியல் வரும். ஒருத்தி என்ன செய்தாள் என்பதைக் கேட்காமலே நினைவில் வைத்துக்கொள்ள உதவும் பட்டியல் அது. விஜயா அந்தப் பட்டியலில்கூட இல்லை என்பது வேறு விஷயம்.

என்ன செய்தார்? மேற்கு வங்கத்தின் திகாவில் பங்குனி ஆமைகளை வெட்டி விற்கிற சந்தையைப் பதிவு செய்தார். படம் 1982 தொடக்கத்தில் 'இந்தியா டுடே'யில் வந்தது. விஷயம் பிரதமர் இந்திரா காந்தி வரைக்கும் போனது. அதே வருடம் கேரளத்தில், சாலக்குடிக்கு மேலே இருக்கும் மழைக்காட்டில், எழுபது வருடமாக எந்த ஆய்வாளரும் பார்த்திராத ஒரு ஆமையை மறுபடி உலகத்துக்கு அறிவித்தார்.

அது சூரலாமை. பிரம்புக்காட்டின் ஆமை. உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரியது, ஓடு பதின்மூன்று சென்டிமீட்டருக்குள் அடங்கும். தண்ணீரில் இல்லாமல் காட்டுத்தரையில் உதிர்ந்த இலைக்குள் வாழ்வது. மஞ்சள் முகம், மூக்கு நுனியில் சிவப்புப் பொட்டு. விழுந்த பழம், இலை, நத்தை, மரவட்டை என்று கிடைத்ததைத் தின்னும். 1912-ல் இதை முதன்முதலில் விவரித்து எழுதியவர் எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த ஹெண்டர்சன். கொச்சி சமஸ்தானக் காட்டிலிருந்து கிடைத்த இரண்டே ஆமைகளை வைத்து எழுதினார். அதற்குப் பிறகு எழுபது வருடம் ஏட்டில் மட்டும் இருந்தது. எழும்பூரில் எழுதப்பட்ட பெயரைக் கிண்டியிலிருந்து போன ஒரு பெண் தேடி எடுத்தாள் என்று சொன்னால் கதை அழகாக இருக்கும். பெரும்பாலும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

ஆனால் அந்தக் காட்டில் காடர்கள் இருந்தார்கள். விஜயா அவர்கள் உதவியோடுதான் தேடினார். காட்டுக்குள் ஒரு குகையில் தங்கி ஆமையைக் கவனித்தார். எழுபது வருடம் 'காணாமல் போன' அந்த ஆமை காடர்களுக்கு ஒருநாளும் காணாமல் போகவில்லை. அவர்களுக்கு அதன் நடமாட்டம் தெரியும், ருசியும் தெரியும். யாருடைய கண்ணிலிருந்து மறைந்தால் ஒன்று மறைந்ததாகக் கணக்கு? பெண்ணிய விமர்சனம் பழகியவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதில்லை. நாற்பது வருடம் பழைய பத்திரிகைகளில் எழுதிக் குவித்த ஒரு பெண்ணை நாம் 'மீட்டெடுக்கும்' போதும், அவள் பேத்தி வீட்டுப் பரணில் அந்தப் பத்திரிகைகள் அப்படியேதான் இருக்கின்றன.

தமிழில் இந்த வேலைக்கு நாம் வைத்திருக்கும் சொல் கண்டுபிடிப்பு. கண்டு, பின் பிடிப்பது. கண்டதோடு விட மாட்டோம் என்கிறது சொல். விலங்கு என்ற சொல்லிலும் கை விலங்கும் கால் விலங்கும் கிடக்கின்றன. அதனால்தானோ என்னவோ, தியடோர் பாஸ்கரன் காட்டுயிர் என்ற சொல்லைப் பரவலாக்கியபோது எனக்கு அது ஏதோ ஒரு பூட்டைத் திறந்தது போல இருந்தது. இன்னொரு சொல்லும் உண்டு. காடர்கள் விஜயாவுக்கு ஆமையைக் காட்டினார்கள். 'காட்டிக் கொடுத்தார்கள்' என்று எழுதிப் பாருங்கள். ஒரே தொடர், உதவி என்றும் பொருள்படும், துரோகம் என்றும் பொருள்படும். நம் மொழி இந்த ஆபத்தை முன்பே அறிந்து வைத்திருக்கிறது.

சொல் விளையாட்டுக்காகச் சொல்லவில்லை. இந்தோனேசியாவின் ரோட்டி தீவில் வாழும் பாம்புக்கழுத்து ஆமை ஒன்று 1994-ல் தனி இனமாக விவரிக்கப்பட்டது. அறிவித்த வேகத்தில் செல்லப்பிராணி வியாபாரிகள் அங்கே இறங்கினார்கள். சில வருடங்களிலேயே அது அழிவின் விளிம்புக்குப் போனது. சீனத்தின் ஒரு குகைப்பல்லிக்கும் அதே கதி. அறிவியல் கட்டுரையில் அச்சான இடப்பெயரே வரைபடமாகப் பயன்பட்டது. 2017-ல் லிண்டன்மேயர், ஷீல் என்கிற இரண்டு ஆய்வாளர்கள் 'சயன்ஸ்' இதழில் எழுதிய கட்டுரையின் தலைப்பே, பிரசுரிக்காதீர்கள் என்பதுதான். அரிய உயிரின் இருப்பிடத்தை அறிவிப்பதற்கு முன் யோசியுங்கள் என்று அறிவியலே தன்னைக் கேட்டுக்கொண்ட தருணம் அது. எவரும் அறியாத ஒன்றைக் காப்பாற்றச் சட்டம் கிடையாது. எல்லோரும் அறிந்துவிட்டால் காப்பாற்ற அங்கே ஒன்றும் மிஞ்சாமல் போகலாம். அலர் பரவினால் திருமணத்தில் முடியும், அல்லது சாவில் முடியும் என்று அகப்பாடல்களில் படித்து வளர்ந்தவர்களுக்கு இந்தச் சிக்கலை விளக்க வேண்டியதில்லை.

விஜயா அறிவித்தார். கண்டதை 'ஹமத்ரியாத்' இதழில் எழுதினார். எட்வர்ட் மால், குரூம்பிரிட்ஜ் ஆகியோருடன் சேர்ந்து அந்த ஆமையை முழுமையாக மறுவிவரணை செய்து 1986-ல் வெளியிட்டார். 1987-ல் இறந்துபோனார். முப்பது வயது நிறையவில்லை.

அவரைப் பற்றி எழுதப்பட்டவற்றை வாசிக்கும்போது எனக்கு உறுத்துவது இந்த இடம். பெரும்பாலும் எல்லாக் கதையும் இறுதியில் அந்த மரணத்துக்குப் போய்ச் சேர்கிறது. பிறகு மரணத்திலிருந்து பின்னோக்கி வாசிக்கத் தொடங்குகிறது. குகையில் தனியாக இருந்தாள், காட்டில் சுற்றினாள், பாம்பும் முதலையுமாக வாழ்ந்தாள் என்ற வரிகளெல்லாம் அப்போது தகவலாக இல்லாமல் அறிகுறிகளாக மாறிவிடுகின்றன. ஒருத்தியின் துணிச்சல் அவள் நோயின் முன்குறிப்பாகி விடுகிறது. நம் கவிஞர்கள் சிலருக்கும் இதையே செய்திருக்கிறோம். அவர்கள் கவிதைகளை மருத்துவச் சீட்டைப் போல வாசித்திருக்கிறோம். அந்த மரணத்தைப் பற்றி இதற்கு மேல் நான் எழுதப் போவதில்லை.

ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு கதை இருக்கிறது. சதீஷ் பாஸ்கர், சென்னை ஐ.ஐ.டி.யில் படிக்க வந்து, பாடத்தை விட்டுக் கடலாமையின் பின்னே போனவர். இந்தியக் கடற்கரையையும் தீவுகளையும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நடந்து அளந்தவர். இந்தியாவின் கடலாமை அறிவுக்கு அவர் போட்ட அடித்தளத்தில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. அதே 1982-ல் மழைக்காலம் முழுக்க லட்சத்தீவின் ஆளில்லாத சுஹேலி தீவில் தனியாக இருந்தார். மனைவியும் கைக்குழந்தையும் ஊரில். ஒரு கடிதத்தைப் புட்டியில் அடைத்துக் கடலில் விட்டார். அது இலங்கைக் கரையில் ஒதுங்கி, ஒரு மீனவர் கையில் கிடைத்து, அவர் தபாலில் சேர்த்து, மனைவிக்கு வந்து சேர்ந்தது. 2024-ல் அவரைப் பற்றி 'டர்டில் வாக்கர்' என்று ஆவணப்படமே வந்துவிட்டது. படத்தைப் பார்க்க வேண்டும் என்றுதான் சொல்வேன். ஆனால் ஒரே வருடத்தில் ஒரே பண்ணையோடு தொடர்புடைய இரண்டு பேர் ஆமைக்காகத் தனிமையில் போய் இருந்திருக்கிறார்கள். ஆணின் தனிமை கடலில் மிதந்து காதல் கடிதமாகக் கரை சேர்கிறது. பெண்ணின் தனிமை கேள்விக்குறியாக நிற்கிறது. நான் அந்தப் புட்டியைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம், கைக்குழந்தையோடு தபால்காரரிடம் கடிதத்தை வாங்கிய பெண் அந்த மழைக்காலத்தில் என்னென்ன செய்தாள் என்றுதான் யோசிக்கிறேன். அதுவும் ஒரு தீவுதான்.

2006-ல் மரபணு ஆய்வு ஒன்று, சூரலாமை அதன் பழைய பேரினத்தில் அடங்காது, அதற்குத் தனிப் பேரினம் வேண்டும் என்று கண்டது. பெயர் வைத்தவர்கள் 'விஜயகீலிஸ்' என்று வைத்தார்கள். கீலிஸ் என்றால் கிரேக்கத்தில் ஆமை. விஜயகீலிஸ் சில்வாட்டிகா: விஜயாவின் ஆமை, காட்டைச் சேர்ந்தது. அந்தப் பேரினத்தில் வேறு இனம் கிடையாது, இது ஒன்று மட்டும்தான். இறந்து பத்தொன்பது வருடம் கழித்து ஒரு பெண்ணின் முதற்பெயர், தகப்பன் பெயரோ கணவன் பெயரோ ஒட்டாமல், லத்தீன் சாயலில் ஒரு உயிரின் மேல் ஏறியிருக்கிறது. இந்தப் பெயரிடும் வழக்கத்தில் உடைமை வாடை உண்டு என்று விமர்சிக்கலாம், நானே வகுப்பில் விமர்சித்திருக்கிறேன். ஆனாலும் அந்தப் பெயரை முதலில் வாசித்த அன்று கொஞ்ச நேரம் எழுந்து மொட்டைமாடியில் நடந்துவிட்டு வந்தேன் என்பதையும் மறைக்க மாட்டேன். காடர்களின் பெயரில் எந்தப் பேரினமும் வரவில்லை என்பதையும் அதே மொட்டைமாடியில்தான் யோசித்தேன்.

திரும்ப நப்பசலையாரிடம் வருகிறேன். கணவன் ஆமை செய்கிற வேலைக்கு அவர் போட்ட வினை காத்தல் அல்ல, ஓம்புதல். விருந்தோம்பலில் இருக்கிற ஓம்புதல். அகராதியைப் புரட்டினால் ஓம்புதலுக்குக் காத்தல், வளர்த்தல், பேணுதல் என்று பொருள் வரும். விலக்குதல், தவிர்த்தல் என்றும் வரும். நெருங்கிப் பேணுவதும் நெருங்காமல் விலகுவதும் ஒரே வினைக்குள் இருக்கின்றன. காவலுக்கு இந்த இரட்டைத்தன்மை கிடையாது. காவல் என்றால் காவல் நிலையம், கட்டுக்காவல், இற்செறிப்பு. தினைப்புனத்தில் கிளி ஓட்டும் குறிஞ்சிப் பெண் காவல்காரி, ஆனால் தினை விளைந்ததும் அவளே வீட்டுக்குள் காவலில் வைக்கப்படுகிறாள். காப்பு என்றால் பாதுகாப்பும்தான், கையில் பூட்டுகிற காப்பும்தான். சூழலியல் எழுத்தில் நாம் 'பாதுகாப்பு' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு புலி முதல் பனை வரைக்கும் எழுதித் தள்ளுகிறோம். ஓம்புதல் அங்கே புழக்கத்துக்கு வந்தால் எழுத்தின் போக்கே கொஞ்சம் மாறும் என்று தோன்றுகிறது. பாதுகாக்கப்பட்ட பகுதி என்ற பலகைக்குப் பின்னால் காடர்களும் இருளர்களும் எங்கே போனார்கள் என்று கேட்கவாவது அது இடம் விடும்.

2025 பிப்ரவரியில் வேறு இரண்டு மாணவிகள் வந்தார்கள். இந்த முறை கையெழுத்துப் போட்டேன். போட்டதோடு நில்லாமல் நானும் போனேன். துணைக்கு என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் இருபத்தாறு வருடக் கடன்.

நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரைக்கும் ஏழு கிலோமீட்டர் மணலில். மாணவர்கள் 1988-லிருந்து நடத்திவருகிற நடை. எழுபதுகளில் பாம்புப் பண்ணைக்காரர்கள் தொடங்கியதன் தொடர்ச்சி. டார்ச் அடிக்கக் கூடாது, வெள்ளைச் சட்டை வேண்டாம், சத்தம் கூடாது. அந்த ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் ஆமைகள் செத்து ஒதுங்கியிருந்தன. இழுவலையில் சிக்கி மூச்சுமுட்டிச் சாவதுதான் பெரும் காரணம். ஐந்து கடல்மைலுக்குள் விசைப்படகு இழுவலை போடக் கூடாது என்பது விதி. நாங்கள் நடந்த வழியில் நான்கு உடல்களைப் பார்த்தோம். கட்டுமரத்துக்காரரும் நாட்டுப்படகுக்காரரும் செய்யாத வேலைக்கு, அடையாறு மாடி வீடுகளில் இருந்துகொண்டு 'மீனவர்கள்' என்று மொத்தமாகப் பழிபோடுகிறார்கள். அதே மாடி வீடுகளின் விளக்கைப் பார்த்துத்தான் குஞ்சுகள் கடலை விட்டுச் சாலைப் பக்கம் ஏறுகின்றன.

இரண்டரை மணி இருக்கும். முன்னால் போன பெண் கையை உயர்த்தினாள். மணலில் டிராக்டர் டயர் போன தடம் போல ஒரு தடம், கடலிலிருந்து ஏறி, திரும்ப இறங்கிப் போயிருந்தது. ஆமை போய்விட்டிருந்தது. கணவன் யாரும் இல்லை. தன்னார்வலர் ஒருவர் குச்சியால் மெல்ல மணலைக் குத்திப் பார்த்தார். மணல் இளகிய இடத்தில் கையால் தோண்டினார்கள். ஒன்றரை அடி ஆழத்தில் முட்டைகள். வட்டுக்காய் என்றது சரிதான், வாசம் என்றதும் சரிதான். துணிப்பையில் எண்ணி வைத்துப் பொரிப்பகத்துக்கு எடுத்துப் போனார்கள். அதே ஆழத்தில் அதே வடிவத்தில் குழி வெட்டிப் புதைத்தார்கள். நாயும் ஆளும் விளக்கும் நிறைந்த இந்தக் கரையில் இதைவிட வேறு வழி இல்லை என்றார்கள். முட்டையை இடம் மாற்றுவதே சரிதானா என்று தங்களுக்குள் விவாதம் உண்டு என்பதையும் அவர்களே சொன்னார்கள். பதினெட்டு இருபது வயதுப் பிள்ளைகள். தாங்கள் செய்கிற நல்லதைச் சந்தேகிக்கத் தெரிந்த பிள்ளைகள்.

முதல் மாணவி இப்போது வேறு ஊரில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறாள். ஆமை பார்த்தாளா என்று கேட்டேன். "இன்னும் இல்ல மேம். ஆனா அங்க கேட் கிடையாது" என்று பதில் வந்தது. நான் மன்னிப்புக் கேட்டு எழுதிய செய்திக்கு ஒரு சிரிக்கிற முகம் மட்டும் அனுப்பினாள். அதை எப்படி வாசிப்பது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இந்த வருடம் படிவங்கள் மறுபடி வந்தன. முதல் படிவத்தில் 'பாதுகாவலர்' என்ற சொல்லை அடித்துவிட்டு, மேலே 'உடன் வருபவர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். அடித்தல் திருத்தல் செல்லாது என்று அலுவலகத்திலிருந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள். சனிக்கிழமைக்கு இன்னும் ஒருநாள்தான் இருந்தது. புதுப் படிவம் வாங்கி, அடிக்காமல், கோட்டின் மேலேயே போட்டுக் கொடுத்தேன்.